கிண்டிக்கு எதுவும் வைக்கவில்லை

மனச்சோர்வு நோயைக் கண்டறிய ஒன்பது அறிகுறிகள் உண்டு. தாம்பரத்தையும் சேர்த்து எண்ணினால் கிண்டி ஒன்பதாவது ரயில் நிலையம். இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவள் மிருதுளா, என் மனைவி. அவள் மருத்துவர் அல்ல. பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தாள்.

நான் மனநல மருத்துவத்தில் எம்.டி. படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சொல்லாக்கி மனப்பாடம் செய்தார்கள். எனக்கு எழுத்துகள் நிற்காது. சொல் ஞாபகம் இருக்கும், எந்த எழுத்து எதற்கு என்பது போய்விடும்.

"நீ எழுத்து ஆளு இல்லடா, இடத்து ஆளு" என்றாள். "வண்டி சாவி எங்கன்னா எந்த அலமாரி, எந்தத் தட்டு, எது பக்கத்துலன்னு சொல்ற. என் பர்த்டே கேட்டா முழிக்கற."

அப்போது நாங்கள் இருவரும் காலை ஏழு ஐம்பது வண்டியில் போவோம். அவள் பரங்கிமலையில் இறங்குவாள். நான் கிண்டியில் இறங்கி மருத்துவமனைக்குப் பேருந்து பிடிப்பேன். நான்கே நாளில் அவள் ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்றை வைத்து முடித்தாள்.

தாம்பரத்தில் மனத்தளர்ச்சி. திங்கட்கிழமை காலை நடைமேடையில் நிற்கிற முகங்களைப் பார்த்தால் போதும். சானடோரியத்தில் ஆர்வமின்மை. அவ்வளவு மரங்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குரோம்பேட்டையில் பசியும் எடையும். அங்கே ஒரு எடை பார்க்கும் இயந்திரத்தை நிறுத்தினாள். உண்மையில் அங்கே அப்படி ஒன்று இல்லை. பல்லாவரத்தில் தூக்கம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு பழைய கட்டில். திரிசூலத்தில் உடல் அசைவு. ஒரு பக்கம் விமானத்துக்காகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள், மறுபக்கம் அசையாத மலை. பதற்றம், மந்தம் இரண்டுமே அறிகுறி என்பதால் அந்த இடம் சரியாக வந்தது. மீனம்பாக்கத்தில் சோர்வு. இரவெல்லாம் பறந்து வந்து இறங்குகிற விமானம். பழவந்தாங்கலில் குற்ற உணர்வு. அவளுடைய சீசன் டிக்கெட் முந்தின நாளே காலாவதியாகி அவள் பிடிபட்டது அங்கேதான். பரங்கிமலையில் கவனக் குறைவு. மெட்ரோவுக்கு எந்தப் படி, வெளியே போக எந்தப் படி என்று தெரியாமல் தினமும் பத்துப் பேர் நடுவில் நிற்பார்கள்.

மற்ற விதிகளையும் வண்டியிலேயே ஏற்றினாள். முதல் இரண்டு அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. "தாம்பரத்துலயோ சானடோரியத்துலயோ ஏறாதவனுக்கு இந்த வண்டில சீட் இல்ல." மொத்தம் ஐந்தாவது வேண்டும். "அஞ்சு ஸ்டேஷன் போகலன்னா டிக்கெட் செல்லாது." இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும். "பதினஞ்சு நாள் சீசன்."

"அப்படி ஒரு சீசனே கிடையாது" என்றேன்.

"உன் பரீட்சைக்கு உண்டு. பேசாம படி."

ஒன்பதாவது, சாவைப் பற்றிய எண்ணம். தற்கொலை. கிண்டிக்கு அவள் எதுவும் வைக்கவில்லை.

"அதுக்கு எதுக்குடா படம்? அத மறந்தா நீ டாக்டரே இல்ல."

பரங்கிமலையில் இறங்கியதும் ஜன்னல் பக்கம் வந்து நிற்பாள். வண்டி நகரும்போது "கிண்டி?" என்பாள். நான் உள்ளிருந்து விரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே படியேறுவாள்.

பதினான்கு மாதங்களுக்கு முன் மிருதுளா இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. மதியம், அலுவலகத்தில், சாப்பாட்டு டப்பாவைக் கழுவும் இடத்தில். வயது இருபத்தொன்பது. எனக்கு முப்பத்தொன்று.

அந்த வருடத் தேர்வில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து நடந்த தேர்வுக்குப் போகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் அதே வீட்டில் இருக்கிறேன். ரயிலில் போவதில்லை. பைக்கில் ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போய்வருகிறேன். காலை ஆறரைக்குப் பொழிச்சலூரிலிருந்து மாமியார் பட்டு போனில் கூப்பிடுவார். "எழுந்தாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. மாமனார் பக்கத்தில் இருப்பது மூச்சில் தெரியும். பேசமாட்டார்.

இந்த ஆடியில் மூன்றாவது முறை தேர்வு. எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. துறைத்தலைவர் நாகலக்ஷ்மி மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சீனியர் ரெசிடென்ட் போஸ்ட் ஒண்ணு உனக்காக ஒரு வருஷமா நிறுத்தி வெச்சிருக்கேன். இதுக்கு மேல முடியாது. ப்ராக்டிகல் பாஸ் பண்ணிடு, மண்டே ஆர்டர் குடுக்கறேன். இல்லன்னா வேற பேர் போயிடும்."

"சரி மேடம்" என்றேன்.

"சரின்னு எல்லாத்துக்கும் சொல்ற ஜெயகிருஷ்ணன். படிக்கறியா?"

படித்தேன். சமையலறையில் நின்றுகொண்டு நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை. பரங்கிமலை வந்ததும் சரியாக முடிந்தது போலிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

செய்முறைத் தேர்வு சனிக்கிழமை. முக்கியமான பகுதி 'லாங் கேஸ்', ஒரே நோயாளியிடம் விரிவாகப் பேசுவது. முன்பின் தெரியாத ஒருவரை ஒரு அறையில் உட்கார வைப்பார்கள். நாற்பத்தைந்து நிமிடம் அவரிடம் பேசி, நோய் என்ன, ஏன், என்ன செய்யலாம் என்று தேர்வாளர்கள் நால்வர் முன் சொல்ல வேண்டும். இதற்காகப் புறநோயாளிப் பிரிவிலிருந்து சிலரை அன்று வரச்சொல்லியிருப்பார்கள். சாப்பாடு கொடுத்து மாலையில் அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு வந்தவர் வடிவேலு. ஐம்பத்தெட்டு வயது. கானத்தூர் பக்கம் ஒரு குப்பத்தில் மீனவர். வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். மகள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கோவிலம்பாக்கத்துக்கு மீன் விற்கப் போயிருந்தாள். மூன்று மணிக்கு வந்து கூட்டிப்போவாளாம்.

நான் உட்காரும் முன்பே அவர் பேசினார்.

"இன்னா சார், பரிச்சை ஒனக்கா?"

"ஆமாங்க."

"அப்ப நான்தான் கொஸ்டின் பேப்பரு."

"அப்படித்தான்."

"கஸ்டமா இர்ந்தா சொல்லு. ஈசியா மாத்திக்கறேன்."

சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திவிட்டார். அதைத் தாளில் குறித்துக்கொண்டேன்.

மனைவி அங்காளம்மா போன ஆடியில் இறந்துபோனார். மஞ்சள் காமாலை. பதினோரு நாள். கரைக்கு வந்த மீனைக் கூடையில் எடுத்துப்போய் விற்றவர் அவர்தான். இவருக்கு விலை பேசத் தெரியாது.

"மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். தாம்பரம்.

"மன்சா? அது எங்க கீது. காலம்பற கண்ண தொறந்தா, ஏன்டா தொறந்தோம்னு கீது."

சானடோரியம். "முன்னாடி புடிச்சதெல்லாம் இப்பவும் புடிக்குதா?"

"டிவில கபடி பாப்பேன். இப்ப அவன் இன்னாத்துக்கு அவன் கால புடிக்கறான்னு கீது."

குரோம்பேட்டை. சட்டை தொளதொளவென்றிருந்தது. மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாராம். மகள் எவ்வளவு சுத்தமாக ஆய்ந்து கொடுத்தாலும் வாயில் முள் படுகிறது என்றார். அங்காளம்மா ஆய்ந்தால் படாதாம். நான் பதினான்கு மாதமாக ரசம் வைப்பதில்லை. அதைத் தாளில் குறிக்கத் தேவையில்லை.

பல்லாவரம். இரண்டு மணிக்கு விழிப்பு. முன்பு அந்த நேரத்தில்தான் கடலுக்குக் கிளம்புவார். இப்போது அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

திரிசூலம் இருந்தது. பேசும்போது கை அசையவே இல்லை. மீனம்பாக்கம் இருந்தது. பழவந்தாங்கலில் கொஞ்சம் நின்றார்.

"மொத நாளே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கணும். அவதான், நாளைக்கு லோடு வர்துன்னா. செரின்னு விட்டேன். அவ சொன்னா கேக்கறதே வேலையா பூட்ச்சு எனக்கு."

பரங்கிமலை. "ஒரு வேலைய ஆரம்பிச்சா கவனமா செய்ய முடியுதா?"

"வலை பின்றேன் சார். கையி அது பாட்டுக்குப் பின்னும், நாப்பது வருசமா. இப்ப எந்தக் கண்ணுல வுட்டேன்னு தெர்ல. அவுத்து அவுத்து மறுக்கா போட்றேன்." பிறகு என்னைப் பார்த்தார். "ஒனக்குக் கண்ணாலம் ஆச்சா?"

"ஆச்சு."

"பசங்கோ?"

"இல்லை."

"வூட்ல இன்னா பண்றாங்க?"

"ஐ.டி.யில வேலை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. அவர் தலையாட்டினார். "நல்லது. நல்லா பாத்துக்கோ." நான் தாளைப் பார்த்தேன். எட்டு வரி எழுதியிருந்தேன். முடிந்தது போலிருந்தது. அடுத்து குடும்ப வரலாறு, குடிப்பழக்கம், மற்ற நோய்கள் என்று போனேன். மணி அடித்தது.

தேர்வாளர்கள் நால்வர். வெளியூரிலிருந்து வந்தவர்களில் மூத்தவர் டாக்டர் பத்ரிநாராயணன். வலது ஓரத்தில் நாகலக்ஷ்மி மேடம். நான் வரலாற்றைச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. அறிகுறிகளை வரிசையாகச் சொல்லும்போது பத்ரிநாராயணன் தலையாட்டிக்கொண்டே வந்தார். மனச்சோர்வு நோய், நீடித்த துயர நோய், இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டார். சொன்னேன். எது என்று கேட்டார். இரண்டும் என்றேன். மேடத்தின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. திங்கட்கிழமை ஆர்டரில் அவர் கையெழுத்துப் போடுவது எனக்கே தெரிந்தது.

"சூசைடல் ஐடியேஷன்?" என்றார் பத்ரிநாராயணன். "நீங்க சொன்னதுல எங்கயும் வரலையே."

தாளைப் பார்த்தேன். எட்டு வரி.

மறந்தது எப்படி என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாவதை நான் தானாகச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு நாளும் அவள் நடைமேடையில் நின்று கேட்டாள், நான் பதில் காட்டினேன். கேட்க ஆள் இல்லாதபோது வண்டி பரங்கிமலையிலேயே நின்றுவிட்டது.

"பேஷன்ட் இல்லைன்னுட்டாரு, அதானே ஜெயகிருஷ்ணன்?" என்றார் மேடம். மெதுவாக, தாளில் எதையோ பார்த்துக்கொண்டே. "நெகட்டிவ் ஹிஸ்டரிய ரிப்போர்ட் பண்ண மறந்துட்டே."

ஒரு 'ஆமாம்' போதும். அறையில் எல்லோரும் அந்த ஆமாமுக்காகக் காத்திருந்தது போலிருந்தது. மூன்று மணிக்கு அந்த ஆளின் மகள் வருவாள் என்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேறு பெரிய யோசனை எதுவும் இல்லை.

"கேக்கல மேடம்" என்றேன்.

"வாட்?" என்றார் பத்ரிநாராயணன்.

"நான் அவர்கிட்ட கேக்கல சார்."

"நாப்பத்தஞ்சு நிமிஷம். பொண்டாட்டி போன மனுஷன், தனியாள், தூக்கமில்ல, கில்ட் இருக்கு. கேக்கல?"

"மறந்துட்டேன்."

"ஹவுஸ் சர்ஜன்கூட மறக்கமாட்டான்யா."

"ஆமா சார்."

மேடம் பேனாவை மூடினார்.

"இப்ப போய்க் கேட்டுட்டு வரலாமா சார்?"

பத்ரிநாராயணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போங்க. கேட்டாகணும். ஆனா அதுக்கு மார்க் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வடிவேலு தாழ்வாரத்தில் பெஞ்சில் இருந்தார். மடியில் எலுமிச்சை சாதப் பொட்டலம், பிரிக்கப்படாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா சார், அதுக்குள்ள பாஸாயிட்டியா?"

"ஒண்ணு கேக்காம விட்டுட்டேன்."

"கேளு."

"செத்துப்போயிடலாம்னு தோணுதா உங்களுக்கு?"

பொட்டலத்தைச் சுற்றியிருந்த நூலை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

"தூக்கம் கேட்ட, சோறு கேட்ட, எங்கப்பன் குட்சானான்னு கேட்ட. இத்த ஒண்டி கேக்கலியேன்னு நெனச்சிகினு இர்ந்தேன். செரி, தெரியாத்தனமா சொல்லிடாம தப்பிச்சோம்னுகூட நெனச்சேன்."

"இப்ப சொல்லுங்க."

"நாளைக்கு எங்கூர்ல அம்மனுக்குக் கூழு. ஊர்க்கட்டு. ஒரு போட்டும் எறங்காது. கரையில எவனும் இருக்கமாட்டான், அல்லாரும் கோயிலாண்ட இருப்பானுங்கோ." நூல் வந்துவிட்டது. அதை விரலில் சுற்றினார். "நான் ஒண்டி போலாம்னு கீறேன்."

"எங்க?"

"போறதுதான். வர்ற மாதிரி இல்ல."

எத்தனை நாளாக இந்த யோசனை, யாரிடமாவது சொன்னாரா, முன்பு எப்போதாவது முயன்றாரா என்று கேட்டேன். வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். படகை மருமகன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வானிலை சொல்வது போலச் சொன்னார்.

"வடிவேலண்ணா" என்றேன். அதுவரை அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது. இங்கதான் இருக்கணும்."

"பரிச்சைக்குத்தானே சார் வந்தேன். இது இன்னா பேஜாரா கீது."

"பரிச்சை முடிஞ்சிடுச்சு. இது வேற."

"உன் வூட்டுக்காரம்மாவாண்ட போய் சொல்லப்போற, இன்னிக்கு ஒரு கெய்வன் கைல மாட்டிகினேன்னு."

"அவ இல்லண்ணா."

"வேலைக்குப் போய்க்கீறாங்களா?"

"இல்ல. செத்துப் போயிட்டா. போன வருஷம்."

என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். கழுத்துப் பொத்தான் குத்தியிருக்க வேண்டும், அதைக் கழற்றினார்.

"ஐட்டில வேலைன்ன?"

"சொன்னேன்."

"எங்கிட்டயே பொய்யா? நான் மட்டும் அப்பன் குட்சது மொதக்கொண்டு உண்மைய சொல்லணும்." பிறகு குரல் தணிந்தது. "வயசு இன்னா இருக்கும் அதுக்கு?"

"இருபத்தொம்போது."

"அடப்பாவமே" என்றார். பொட்டலத்தைப் பிரித்தார். என் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டோம். உப்பு குறைவாக இருந்தது.

உள்ளே போய்த் தேர்வாளர்களிடம் சொன்னேன். நாள் குறித்திருக்கிறார், வழி இருக்கிறது, சொத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார், உடனே சேர்க்க வேண்டும், கூடவே ஆள் இருக்க வேண்டும். பத்ரிநாராயணன் எதுவும் எழுதவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டார். மேடம் வார்டுக்குப் போன் செய்தார்.

மற்ற பகுதிகள் நடந்தன. ஷார்ட் கேஸ்கள், மருந்துகள், வாய்மொழித் தேர்வு. கேட்டதற்குப் பதில் சொன்னேன். இரண்டரை மணிக்கு மேடம் அறைக்குக் கூப்பிட்டார். முறையான முடிவு பல்கலைக்கழகத்திலிருந்து பிறகுதான் வரும். ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"மத்ததெல்லாம் நல்லா பண்ணியிருக்க. லாங் கேஸ்ல போச்சு. நாங்க நாலு பேர்ல மூணு பேர் ஃபெயில் போட்டுட்டோம்."

"சரி மேடம்."

"நான் எடுத்துக் குடுத்தேன் உனக்கு. கவனிச்சியா இல்லையா?"

"கவனிச்சேன்."

"ஆமான்னு சொல்லிட்டு, வெளில வந்தப்புறம் போய்க் கேட்டிருக்கலாமே. அப்பவும் அந்த ஆள காப்பாத்தியிருக்கலாம்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்தேன். வெளியே வந்திருந்தால் போய்க் கேட்டிருப்பேனா? பாஸ் என்று தெரிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போயிருப்பேன். இந்தப் பதினான்கு மாதத்தில் எதற்கும் நான் திரும்பிப் போனதில்லை.

"கேட்டிருக்கமாட்டேன் மேடம்" என்றேன்.

"மண்டே வேற பேர் அனுப்பணும்" என்றார் மேடம். "ஆறு மாசம். மறுபடி எழுது."

மூன்று மணிக்கு வடிவேலுவின் மகள் ஜோதிலட்சுமி வந்தாள். கூடையை வார்டு வாசலில் வைக்கக் கூடாது என்று காவலாளியிடம் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் போனேன்.

"காலைல பரிச்சைன்னு சொன்னீங்கோ. சும்மா ஒக்காந்து பேசிட்டு வரணும், அவ்ளோதான்னீங்கோ. இப்ப அட்மிட்டுன்றான் இவன். இன்னா சார் பண்ணீங்க எங்கப்பாவ?"

ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். கூழ் ஊற்றுகிற நாள், படகு, எல்லாம். சுற்றி வளைக்கவில்லை. அவள் முதலில் நம்பவில்லை. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து எங்கம்மாவோட அருவாமனைய எடுத்துக் குட்த்தாரு சார். ஒரு வருசமா யாரையும் தொடவிடல. நீயே வெச்சிக்கோம்மா, துருப்புடிக்குதுன்னாரு. அப்பாடா, தேறிட்டாருன்னு நெனச்சேன். என் வூட்டுக்காரராண்ட சொல்லி சந்தோசப்பட்டேன் சார்."

அந்த வார்டில் இப்படிப்பட்ட நோயாளி ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. சொந்தக்காரர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கழிப்பறைக் கதவைத் தாழிட விடக் கூடாது. பார்வையை எடுக்கக் கூடாது. செவிலியர் செல்வமேரி இதையெல்லாம் ஜோதிலட்சுமியிடம் சொன்னார்.

"கைப்புள்ள பக்கத்து வூட்ல கீது சிஸ்டர். துணிமணி எடுத்தாரணும். அவரு வண்டி ஓட்டப் போயிருக்காரு, போன எடுக்கல. போய்ட்டு ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்." என் பக்கம் திரும்பினாள். "நீ இருக்கியா அண்ணா? ஒனக்குப் பரிச்சை இன்னும் கீதா?"

"இல்ல. முடிஞ்சிடுச்சு."

"இன்னா ஆச்சு?"

"போச்சு."

"ஐயோ. இவராலயா?"

"என்னால. நீங்க போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்."

செல்வமேரி படிவத்தை நீட்டினார். "டாக்டர், நீங்க அட்டெண்டரா இருக்கக் கூடாது. சொந்தக்காரங்கதான்."

"இன்னிக்கு நான் ட்யூட்டில இல்ல சிஸ்டர்."

"அப்ப உறவுமுறைன்னு இருக்கே, அதுல என்ன போடறது?"

கட்டிலில் இருந்த வடிவேலு தலையைத் திருப்பினார். வார்டு உடை கொடுத்திருந்தார்கள். அதுவும் தொளதொளவென்றிருந்தது.

"மச்சான்னு போடும்மா" என்றார். "ஆறு மணி வரிக்கும்தானே. எவன் வந்து கேக்கப்போறான்."

செல்வமேரி என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. எழுதிவிட்டுப் போனார்.

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். பையில் போன் அதிர்ந்தது. பட்டு மாமியாக இருக்கும். தேர்வு எப்படி என்று கேட்பார். எடுக்க வேண்டுமென்றால் குனிந்து பையைத் திறக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

"பேரு இன்னா?" என்றார் வடிவேலு.

"ஜெயகிருஷ்ணன்."

"உன் பேரு இல்ல. அந்தப் பொண்ணு பேரு."

சொன்னேன். அவருக்கு அது வாயில் நுழையவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிட்டார். பிறகு அங்காளம்மா மார்க்கெட்டில் ஒரு போலீஸ்காரனைத் திட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் மருந்து வேலை செய்தது. வாக்கியம் முடியவில்லை.

தூங்குகிறவருக்கும் அந்த விதி உண்டு. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.